அடுப்படி இல்லாத விண்கலம்

செம்பட்டியிலிருந்து திண்டுக்கல் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். மனைவியின் மடியில் ஒரு விண்கலம் இருந்தது. பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கிக் கணவர் தானே வடிவமைத்தது. ஏதோ போட்டிக்குக் கொண்டுபோகிறார்கள்.

“ஏங்க, இதுல அடுப்படி எங்க இருக்கு?” என்றார் மனைவி.

“அது எதுக்கு? உள்ள போற ஆறு பேரும் சாப்பாட்டு மாத்திரையப் போட்டுக்குவாங்க.”

“அடுப்படி வேணாம், பீரங்கி மட்டும் நாலா?”

“எதிரி வந்தா?”

“விருந்தாளி வந்தா?”

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி நடுவிலிருந்த ஒரு கட்டையைப் பிடுங்கி, அந்த இடத்தில் பீரங்கியிலிருந்து கழற்றிய இரண்டு சிவப்புக் கட்டைகளைச் செருகினார்.

“ஏய், அது கேப்டன் சீட்டு! அவரு எங்க உக்காருவாரு?”

“எதுக்கு உக்காரணும்? அடுப்புக்கிட்ட நின்னு வெங்காயம் உரிக்கட்டும்.”

கணவர் கலத்தை வெடுக்கென்று வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அடுப்பைப் பிடுங்கப்போகிறார் என்று நினைத்தேன். செத்த நேரம் அதையே உற்றுப் பார்த்துவிட்டுக் கவலையோடு கேட்டார்:

“அப்ப பொகை போறதுக்கு ஒரு ஜன்னல் வைக்கணுமேடி?”