ஓடுபாதையில் அண்ணன்

— பெட்டியை மூடாதே. மூணு சட்டையை வெச்சுக்கிட்டு எங்கப்பா கிளம்புற?

— நாளைக்கு விசாரணையில பேசிட்டு அப்படியே போயிடறேன் அண்ணி. உங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இனிமே இந்த வீட்டுல ஒரு வாய் சாப்பிட முடியாது என்னால.

— பதினாறு நாளா யாரு மூஞ்சியைப் பாத்துக்கிட்டுச் சாப்பிட்டியாம்?

— எங்க சாப்பிட்டேன்? நீங்க ஒரு வார்த்தை கேக்காம தட்டுல போட்டுட்டுத் திரும்பிப் போயிடறீங்க. நாலு அறை விட்டிருந்தாக்கூடத் தேவலை.

— சரி, இப்பக் கேக்குறேன். உக்காரு. அங்க இல்லை, துணி கிடக்கு. இப்படி வா. உங்க அதிகாரி நேத்து மாடியில அரை மணி நேரம் உங்கூட என்ன குசுகுசுன்னு பேசினாரு?

— "ஓடுபாதையை விட்டு வெளிய வந்துட்டேன்"னு அண்ணன் ரேடியோவுல சொன்ன மாதிரி காதுல விழுந்துச்சுன்னு சொல்லச் சொல்றாரு. பதிவுல அந்த இடத்துல ஒரே இரைச்சலாம். யாரும் இல்லைன்னு மறுக்க முடியாதாம்.

— உங்கண்ணன் அப்படிச் சொன்னாரா?

— சொல்லலை அண்ணி. சத்தியமா சொல்லலை. செத்தவரு தலையில பழியைக் கட்ட எனக்கு நாக்கு கூசுது.

— அப்ப என்னதான் நடந்துச்சு? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எனக்குப் புரியுற மாதிரி சொல்லு. உன் டவர் பாஷையெல்லாம் வேணாம்.

— அன்னைக்குக் காலையில இறங்கின விமானத்துக்காரரு, ஓடுபாதையில டயர் துண்டு கிடக்குன்னாரு. அண்ணன்தான் ஜீப் டூட்டி. எடுத்துட்டு வாங்கன்னு நான்தான் உள்ள அனுப்பினேன். ஓடுபாதையில ஆள் இருக்குன்னு மறந்துடக் கூடாதுன்னு எங்க பலகையில ஒரு சிவப்புக் கட்டை வைப்போம். அது இருக்கிற வரைக்கும் எந்த விமானத்துக்கும் கிளம்புன்னு சொல்லக் கூடாது. வெச்சேன் அண்ணி.

— வெச்சதை எதுக்கு எடுத்தே?

— இன்னொரு விமானம், பயணிகளை ஏத்திக்கிட்டு மெதுவா ஊர்ந்து வந்துக்கிட்டிருந்துச்சு. வழி தப்பி ஓடுபாதை ஓரத்துக்கே வந்துடுச்சு. அதை நிறுத்தினேன். அதுக்கும் ஒரு கட்டை வைக்கணும். ரெண்டு கட்டை இருக்கணும் எங்ககிட்ட. ஒண்ணு தொலைஞ்சு ஆறு மாசமாச்சு, ஆளு மாத்தி ஆளு எழுதிக் குடுத்தோம், வரலை. இருந்த ஒண்ணை அண்ணன் இடத்துல இருந்து எடுத்து அங்க வெச்சேன். அண்ணனையா மறந்துடப் போறேன்னு நெனச்சேன்.

— அழாதே. மேல சொல்லு.

— அது சரியான பாதைக்குத் திரும்பினதும் கட்டையை எடுத்தேன். பலகை துடைச்சு விட்ட மாதிரி காலியா இருந்துச்சு. ஓடுபாதை முனையில, கோட்டுல காத்துக்கிட்டு நின்ன வேற ஒரு விமானம் கிளம்பலாமான்னு கேட்டுச்சு. வெளிய எட்டிப் பாத்தேன், சத்தியமா பாத்தேன். எதிர்வெயிலு, ஜீப் கண்ணுல படலை. கிளம்புன்னுட்டேன்.

— எப்பத் தெரிஞ்சுது உனக்கு?

— விமானம் பாதி தூரம் ஓடினப்புறம், ஜீப் மேல சுத்துற மஞ்சள் விளக்கு தெரிஞ்சுது. நில்லு நில்லுன்னு கத்தினேன். பைலட்டும் பிரேக்கை மிதிச்சு ஒடிச்சுத் திருப்பினாரு. உள்ள இருந்த நூத்தி நாப்பது பேருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனா ரெக்கை...

— ரெக்கையை விடு. உங்கண்ணனைக் கூப்பிட்டியா?

— மூணு தரம்.

— மொதத் தரம் கூப்பிட்டதுல இருந்து... இடிக்கிற வரைக்கும் எவ்வளவு நேரம்?

— பதினோரு செகண்ட். பதிவுல இருக்கு.

— ஜீப்பை வெளிய எடுக்க அது போதுமா?

— ஏன் அண்ணி இதையெல்லாம் நோண்டுறீங்க?

— போதுமான்னு கேட்டேன்.

— நாலு செகண்ட் போதும். ஸ்டியரிங்கை ஒடிச்சுப் புல்லுல இறக்கியிருந்தா முடிஞ்சுது. பன்னெண்டு வருஷத்துல என்னை ரெண்டாந்தரம் கூப்பிட வெச்சதில்லை அண்ணன். "சொல்லுடா ராஜா"ம்பாரு. ரேடியோவுல இப்படியெல்லாம் கொஞ்சாதீங்கன்னு எத்தனை தரம் மெமோ வாங்கியிருக்காரு தெரியுமா? அன்னைக்கு மட்டும் பதிலே இல்லை. ரேடியோவைப் பிரிச்சுப் பாத்தாங்க, நல்லாத்தான் இருந்துச்சாம்.

— நாளைக்கு என்ன சொல்லப் போற?

— கட்டையை எடுத்தது நான், கிளம்புன்னு சொன்னது நான், அண்ணன் மேல ஒரு தப்பும் இல்லைன்னு. வேலை போகும். உள்ளகூடப் போடலாம், போடட்டும். பாப்பாகிட்டயும் நானே சொல்லிடறேன், உங்கப்பா போனதுக்குச் சித்தப்பாதான் காரணம்னு.

— அவகிட்ட ஒண்ணும் சொல்லித் தொலைக்காதே.

— பின்ன யாரு சொல்றது? வளந்து கேப்பா இல்ல? அவளை விடுங்க, நாளைக்கே கேப்பாங்க, அவரு ஏன் பதில் குடுக்கலைன்னு. அதை நெனச்சா எனக்குத் தலை வெடிக்குது அண்ணி. அதுக்கு மட்டும் என்கிட்ட பதிலில்லை.

— என்கிட்ட இருக்கு.

— என்ன சொல்றீங்க?

— அன்னைக்குக் காலையில எங்களுக்குள்ள சண்டை. உன்னைத் தனியா வீடு பாத்துப் போகச் சொல்லுங்கன்னு நான்தான் ஆரம்பிச்சேன். பேசாம வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. எனக்கு மனசு ஆறலை. டூட்டியில இருக்கிறாரேன்னுகூடப் பாக்காம போன் போட்டேன்.

— அண்ணி...

— "அவன் ரேடியோவுல கூப்பிடுறான், போனை வை"ன்னாரு. எப்பப் பாரு தம்பிதானா, ஒரு நிமிஷம் காத்திருந்தா அவன் என்ன குறைஞ்சா போயிடுவான்னு நான்தான் விடலை.