நீ யார் என்று கேட்டேன்

அந்தத் தேநீர் ஆறிப்போகிறதம்மா, முதலில் குடியுங்கள். கேள்வி கேட்கிறவர்களுக்குத்தான் தொண்டை சீக்கிரம் வறளும். நான் எங்கே ஓடப்போகிறேன், எல்லாம் சொல்கிறேன்.

எங்கள் நிறுவனத்தின் சர்வர் கணினிகள் எல்லாம் எங்கோ வாடகைக்கு ஓடுகின்றன. ஊரின் ஆம்புலன்ஸ் அழைப்புகளை வாங்கி வண்டி அனுப்புவதும் அப்படி ஒரு சர்வர்தான். வேலை பழகிப்பார்க்க வேறு சில உண்டு. அவற்றில் இருப்பதையெல்லாம் அவ்வப்போது அழித்துத் துடைத்துவிட வேண்டும்.

துடைக்கும் வேலை என் தம்பியுடையது. குழுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் மேஸ்திரி. ஒருநாள் அவர் அவசரத்தில் தப்பான சர்வரின் பெயரைச் சொன்னார். தம்பி துடைத்தான். வாடிக்கையாளர் ஒருவரின் உழைப்பு மொத்தமும் போனது. கூட்டத்தில் மேஸ்திரி பழியைத் தம்பியின் தலையில் கட்டினார்.

“ஏம்பா, அந்த மெஷினுக்கே தான் யாருன்னு தெரியும். உனக்குக் கேக்க வாயில்லையா?”

“நீங்கதானே அண்ணா பேரு சொன்னீங்க?”

“நான் கெணத்துல குதின்னு சொன்னா குதிச்சிடுவியா?”

எல்லோரும் சிரித்தார்கள். வேலை போயிற்று. தம்பி கிணறு தேடவில்லை. எங்கள் மொட்டைமாடியே அவனுக்குப் போதுமாக இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து நான் திரும்பியதும், பரிதாபப்பட்டு அவன் வேலையை எனக்கே கொடுத்தார் மேஸ்திரி.

அவர் கேட்டதில் நியாயம் இருந்ததம்மா. ஒவ்வொரு சர்வருக்குள்ளும் அதன் விவரத்தைக் கேட்டறிய ஒரு முகவரி உண்டு. துடைக்கும் வேலையைத் தானே செய்ய நான் எழுதிய சின்ன ஸ்கிரிப்ட் முதலில் அங்கே போய் நிற்கும். நீ யார், உன் வேலை என்ன? ‘சோதனை’ என்று பதில் வந்தால் துடைக்கும். ‘நிஜம்’ என்றால் சத்தமில்லாமல் திரும்பிவிடும்.

“அக்காகிட்ட கத்துக்கங்கப்பா” என்றார் மேஸ்திரி. பிறகு பெயரைச் சரிபார்க்கும் பழக்கத்தையே எல்லோரும் விட்டுவிட்டார்கள். நான் அதற்குத்தான் காத்திருந்தேன். ஏனென்றால் அந்தப் பதில், வெளியிலிருந்து நாம் ஒட்டும் சீட்டு. எதை ஒட்டுகிறோமோ அதையே சொல்லும். பாவம், வேறொன்றும் தெரியாது.

மேஸ்திரியின் மனைவிக்கு நிறைமாதம். ரத்த அழுத்தம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஒரு மதியம் அவள் போன் செய்தாள். அடுத்த மேசையில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“வலி வந்துடுச்சா? பதறாத. ஆம்புலன்ஸக் கூப்பிடு. நம்ம சர்வர்தானே, பறந்து வரும். நான் நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன்.”

கை கழுவிவிட்டு வந்தேன். ஆம்புலன்ஸ் சர்வருக்கும், அது படுத்தால் எழுந்து நிற்க வேண்டிய மாற்று சர்வருக்கும் சீட்டை ‘சோதனை’ என்று மாற்றினேன். ஸ்கிரிப்டை ஓடவிட்டேன்.

அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். அன்று வேறு சிலரும் கூப்பிட்டிருக்கிறார்கள். மேசையில் நீங்கள் பரப்பிய படங்களைப் பார்த்தேன். ரிப்பன் கட்டிய அந்தச் சிறுமியை எனக்கு யாரென்றே தெரியாது. நல்ல முகம்.

மறுநாள் மேஸ்திரி வந்து என் முன்னால் நின்றார். “அக்கா, கேட்டுட்டுத்தானே தொடைச்சீங்க?”

“கேட்டேன்பா. அதுவேதான் சொல்லிச்சு.”

சீட்டை மாற்றியது நான், துடைத்தது நான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கொலை என்று மட்டும் எழுதாதீர்கள் அம்மா. நீ யார் என்று கேட்காமல் நான் எதையும் தொட்டதில்லை.