பாவ்லோவாவுக்கு ஒரு தட்டு

'தொறந்து பாத்தாத்தான் தெரியும்'னு எங்க சித்தப்பா சொல்வாரு சார். ஓட்டுச் சூளையில மேஸ்திரியா இருந்தவரு. அதுக்கு முன்னால ஒரு வார்த்தை வரும். அது மட்டும் நாக்கு நுனியில நிக்குது, வெளிய வரமாட்டேங்குது... சரி, அத விடுங்க. இந்த முனையக் கொஞ்சம் புடிங்க. பேப்பர்தான் சார், ஒண்ணும் பண்ணாது! எங்க வீட்டு ஓவன் உள்பக்கம் எவ்வளவு அகலமோ, அதே அளவுக்குக் கத்திரிச்சு எடுத்துட்டு வந்திருக்கேன். தட்ட இது மேல வச்சுப் பாக்கணும். வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா, கதவு மூடாது. போன தடவ அப்படித்தான் ஆச்சு. கடையில பாக்கும்போது அடக்க ஒடுக்கமா இருந்த தட்டு, வீட்டுக்குப் போனதும் வளந்துடுச்சு சார்!

நீங்க இந்தக் கடைக்கு டீ கப்பு எடுக்கத்தானே வந்தீங்க? எடுக்கலாம், எடுக்கலாம். கப்பு எங்கயும் ஓடிப்போயிடாது. எனக்குத்தான் நாளைக்குள்ள முடிஞ்சாகணும்.

பாவ்லோவா சாப்பிட்டிருக்கீங்களா? இல்லையா? அப்ப ஒரு நிமிஷம் கேளுங்க. முட்டையோட வெள்ளக் கரு, சர்க்கரை. அவ்வளவுதான். நுரை கெட்டியாகிற வரைக்கும் அடிக்கணும். கிண்ணத்தத் தலைகீழா உங்க தலைமேல கவுத்தாக்கூட விழக்கூடாது. நான் கவுத்துப் பாத்தேன். மொத தடவ விழுந்துச்சு. அத அப்படியே குவிச்சு வச்சு, லேசான சூட்டுல ரொம்ப நேரம் விடணும். வெளிய மொறுமொறுன்னு ஓடு மாதிரி, உள்ள பஞ்சு. மேல கிரீம், அதுக்கு மேல பழம். கேக்க எவ்வளவு சுலபமா இருக்கு பாருங்க... நானும் இப்படிக் கேட்டுத்தான் மாட்டிக்கிட்டேன்.

என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில ஹெட் நர்ஸ். அங்க ஒரு டாக்டரம்மாவுக்கு வழியனுப்பு நடந்தப்ப ஒரு துண்டு சாப்பிட்டா. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அதே பேச்சு. சாதாரணமா அவ சாப்பாட்டப் பத்திப் பேசற ஆளே இல்ல சார். நாளைக்கு அவளுக்குப் பொறந்த நாள். ஒவ்வொரு வருஷமும் அவங்க அண்ணன், அதான் என் மச்சான், கேக்கு கொண்டுவருவாரு. சொந்தமா பேக்கரி வச்சிருக்காரு. கேக்குன்னா, கட்டில் அளவுக்கு! போன வருஷம் அத வெட்டும்போது இவ சிரிச்சுக்கிட்டே சொன்னா: 'எனக்குன்னு இந்த வீட்டுக்குள்ளயே யாராவது ஒண்ணு செஞ்சா எப்படி இருக்கும்!' சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ஆனா எனக்கு உள்ள போயி உக்காந்துடுச்சு. கரண்டியக் கீழ வச்சுட்டு எழுந்து நின்னு, 'அடுத்த வருஷம் நீ சொன்ன அந்தப் பாவ்லோவாவ நான் பண்றேன்'னு சொல்லிட்டேன்.

மச்சான் விடுவாரா? 'மாப்ள, மொதல்ல ஒரு ஆம்லெட்ட உடையாம திருப்பிக் காட்டுங்க, பாவ்லோவா அப்புறம்'ங்கறாரு! எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. என் வீட்டுக்காரி மட்டும் சிரிக்கல சார். 'அவரு செய்வாரு'ன்னா. அவ்வளவுதான். 'அவரு செய்வாரு.' இப்ப சொல்லுங்க, நான் தட்டு தேடாம என்ன பண்ணுவேன்?

தட்டு எதுக்குங்கறீங்களா? அங்கதான் சூட்சுமமே இருக்கு! மொத பாவ்லோவா தகரத் தட்டுல நல்லாத்தான் வந்துச்சு. அத எடுத்து அழகான தட்டுக்கு மாத்தும்போது, கையிலேயே பொலபொலன்னு உதுந்துடுச்சு. அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. மாத்தறதாலதானே உடையுது? மாத்தவே வேணாமே! எதுல வேகுதோ அதையே மேஜைக்குக் கொண்டுவந்துட்டா? ஓவன் சூட்டையும் தாங்கணும், நாலு பேர் முன்னால வச்சா லட்சணமாவும் இருக்கணும். பொண்ணு பாக்கறதுகூட இவ்வளவு கஷ்டம் இல்ல சார்!

மொதல்ல கண்ணாடிப் பாத்திரம் ஒண்ணு வாங்கினேன், ஆழமா. ஆழம் கூடாதாம். சுத்திச் சுவரு மாதிரி நிக்குது, சூடு பக்கவாட்டுல போகல. மேல மொறுமொறு, ஓரமெல்லாம் நனஞ்ச துணி. அப்புறம் இரும்பு. அடி கருகிடுச்சு. அப்புறம் தங்க விளிம்பு போட்ட தட்டு ஒண்ணு... ஐயோ, அந்த அழகு! ஓவனுக்கு ஆகுமான்னு கேக்கவே மறந்துட்டேன். உள்ள வச்சேன், 'டக்'குனு ஒரு சத்தம். பாவ்லோவா முழுசா இருக்கு சார், தட்டு ரெண்டு துண்டு! எல்லாத்தையும் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கேன். அவ டூட்டிக்குப் போனதும் நான் முட்டைய உடைக்க ஆரம்பிச்சுடுவேன். வெள்ளக் கரு பாவ்லோவாவுக்கு, மஞ்சக் கரு எனக்கு. என் மூஞ்சியப் பாருங்க, லேசா மஞ்சளா இல்ல?

இந்த ஓரத்தப் புடிங்க... ஆங், விடாதீங்க. பாருங்க, இது எவ்வளவு கச்சிதமா பேப்பருக்குள்ள உக்காருது! தட்டையா இருக்கு, விளிம்பு தாழ்வா இருக்கு, அடிப்பக்கம் ஓவன்ல வைக்கலாம்னு போட்டிருக்கு. ஆனா இதே மாதிரி வெள்ளையா ஒண்ணு ஏற்கெனவே வாங்கிட்டேன். அதுலயும் சரியா வரல. அதான் யோசிக்கறேன், இந்த நீலத்த எடுத்துப் பாக்கலாமான்னு.

ஏன் வரலையா? அதான் சார் எனக்கும் புரியல! தட்டுக்கு ஒண்ணுமே ஆகல. பாவ்லோவாதான் வெடிச்சுது. மொதல்ல ஒரு பக்கமா, தலைமுடி மாதிரி ஒரு கோடு. அடுத்த தடவ பாக்கறேன், கோடு வாய்க்கால் ஆயிருக்கு. அதுக்கடுத்த தடவ பாக்கறேன், ஒரு பக்கம் அப்படியே பொத்துன்னு உள்ள எறங்குது. என் கண்ணு முன்னால சார்! பாத்துக்கிட்டு நிக்கறேன், ஒண்ணும் செய்ய முடியல. விரிசல்னா கிரீம் போட்டு மூடிடலாம். இது பள்ளம் சார்! பள்ளத்த எத்தன பழம் போட்டு மூடறது?

என்னது? எப்படிப் பாத்தேனா? நல்லா கேட்டீங்க. எங்க ஓவன் பழசு, கதவுக் கண்ணாடி கருத்துப்போச்சு, வெளியேருந்து பாத்தா என் மூஞ்சிதான் தெரியும். தொறந்துதான் பாத்தேன். அப்பப்ப. சும்மா ஒரு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ... என்ன சார் அப்படிப் பாக்கறீங்க? பாக்க வேணாமா? என் வேலையே அதுதானே! நான் பார்சல் ஆபீஸ்ல செக்கர். பொட்டியத் தொறந்து பாக்காம சீல் வைக்கவே மாட்டேன். போன மாசம் ஒருத்தரு 'பீங்கான்'னு எழுதிக் குடுத்தாரு. ஆபீஸ் மொத்தமும் 'விடுப்பா, நேரமாச்சு'ங்குது. தொறக்கறேன், உள்ள ஆமை சார்! உயிரோட! என்னைப் பாத்துத் தலைய இழுத்துக்கிச்சு. தொறக்காம இருந்திருந்தா அதோட கதி என்ன? அதனாலதான் சொல்றேன், எங்க சித்தப்பா சொன்ன மாதிரி, தொறந்து பாத்தாத்தான்...

தொறந்து பாத்தாத்தான்...

இருங்க. இருங்க, தட்ட ஆட்டாதீங்க.

ஒரு தடவ சித்தப்பாவுக்குச் சோறு கொண்டுபோனப்ப, சூளை வாசல்ல முதலாளி குதிச்சுக்கிட்டு இருந்தாரு. 'வண்டி வந்து நிக்குது, தொற, தொற!' சித்தப்பா மாட்டேன்னுட்டாரு. முதலாளியே ஆள விட்டுத் தொறக்க வச்சாரு. வெளிக்காத்து பட்டதும் உள்ள ஓடெல்லாம் படபடபடன்னு வெடிச்சுது பாருங்க, மழையில கூரை மாதிரி சத்தம்! சித்தப்பா சோத்துப் பாத்திரத்த வாங்கிக்கிட்டு, உக்காந்து, ஒரு வாய் சாப்பிட்டுட்டு மெதுவா சொன்னாரு: 'ஆறட்டும்னு சொன்னேன். ஆறினப்புறம் தொறந்து பாத்தாத்தான் தெரியும்.'

ஆறினப்புறம்!

அந்த வார்த்தைதான் சார்! வருஷக்கணக்கா 'தொறந்து பாரு, தொறந்து பாரு'ன்னு ஆபீஸ்ல எல்லார் உயிரையும் எடுத்துக்கிட்டு இருக்கேன்... மொதல் பாதிய முழுங்கிட்டு! அந்தக் கண்ணாடிப் பாத்திரத்துல வச்சதக்கூட நான் கதவத் தொறந்து தொறந்து... சிரிக்கறீங்க இல்ல? சிரிங்க, நல்லா சிரிங்க. மொத பாவ்லோவா ஏன் நல்லா வந்துச்சுன்னு இப்பல்ல தெரியுது! அன்னிக்குப் பூட்டு ரிப்பேர் பண்றவன் வந்து, வாசல்ல அவனோட பேசிக்கிட்டே நின்னுட்டேன். நான் பேசினதால பொழச்சுது சார் அது! ஓவன் தானா அணைஞ்சு, உள்ளயே ஆறியிருக்கு. கையாலதான் நான் உடைச்சேன்.

ஆனா ஒண்ணு, என்னை எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போயி ஓவனை மூடினா, கை சும்மா இருக்காது. அவளுக்கும் இன்னிக்கு நைட் டூட்டி, புடிச்சு நிறுத்த ஆளில்ல. கட்டிப் போட்டாத்தான்... ஒரு நிமிஷம் சார். தட்ட நீங்களே வச்சுக்கிட்டு இருங்க, ஒரு போன் பண்ணிக்கறேன்.

ஹலோ, மச்சான்? நான்தான். சிரிக்காதீங்க, மொதல்ல கேளுங்க. ஆமா, பாவ்லோவா விஷயந்தான். இல்ல, உங்க கேக்கு வேணாம்... வேணாம்னா வேணாம்! நீங்க வாங்க, அது போதும். கடையத் தம்பிகிட்ட விட்டுட்டு இன்னிக்குச் சாயங்காலமே வந்துடுங்க. ஓவனுக்கு முன்னால நாற்காலி போட்டு வைக்கறேன், உக்காந்துக்கங்க. யாரையும் கதவத் தொறக்க விடக்கூடாது. யாரா? என்னையத்தான் மச்சான். நான் கெஞ்சினாலும் விடாதீங்க. காலையில ஆறினப்புறம் நாம ரெண்டு பேரும் சேந்து தொறக்கலாம். சரியா? வச்சிடறேன்.

சார், அந்த நீலத் தட்ட அலமாரியில வச்சிருங்க. வீட்டுல இருக்கற வெள்ளத் தட்டுலயே வைக்கப் போறேன்.