பேச்சுத்துணை

வண்டியில் மூன்று பேர் இருந்தோம். ஸ்டீயரிங்கில் என் தம்பி. பக்கத்து இருக்கையில் நான். எங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் படுக்கைப் பலகையில் லோடுமேன். ஆள் ஒல்லி என்பதால் அவனைக் குண்டூசி என்போம். வேறு யாருமில்லை. தம்பி இறந்துவிட்டான். குண்டூசிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. எனக்கு நெற்றியில் சில தையல்கள். நீங்கள் விசாரித்து மூடிய விபத்துதான், ஐயா. யாரும் கூப்பிடாமல் நானாக வந்திருப்பது, அதில் ஒரு பிழை இருப்பதால்.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா பிறத்தியார் லாரியை ஓட்டினார். நாங்கள் சொந்த லாரி ஓட்டினோம். வண்டியின் நெற்றியில் அப்பா பெயர்தான் இருக்கும். "அந்த வீட்டு ஆள் ஓட்டினா முட்டையைக்கூட மூட்டையா கட்டி அனுப்பலாம்" என்பார்கள். காரணம், எங்கள் வீட்டில் ஸ்டீயரிங்கில் தூங்கியவன் கிடையாது. அதற்கு அப்பா ஒரு முறை வைத்திருந்தார். நெடுந்தூரம் போனால் பக்கத்தில் ஒருவன் பேச்சுத்துணைக்கு உட்கார வேண்டும். கதை சொல்லக் கூடாது; கதை தாலாட்டு மாதிரி, அதுவே தூங்கவைத்துவிடும். கேள்வி கேட்க வேண்டும். "உன் மாமனாரோட தங்கச்சி மகனுக்கு உன் அண்ணன் மக என்ன முறை?" என்பது மாதிரி. ஓட்டுகிறவன் உறவையெல்லாம் கூட்டிக் கழித்து, வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். வெறும் "ம்" மட்டும் வந்தால், கண் திறந்திருந்தாலும் அவன் தூங்கிவிட்டான் என்று பொருள். உடனே தோளைத் தட்டி வண்டியை ஓரங்கட்டச் சொல்ல வேண்டும். "ஓட்டுறவன் உசிரு, பக்கத்துல இருக்கிறவன் நாக்குல" என்பார் அப்பா. நானும் தம்பியும் தலை நரைக்கும் வரை அப்படித்தான் மாறி மாறி ஓட்டினோம்.

அன்று காலை சரக்கு ஏற்றும் இடத்தில், எங்களுக்குச் சரக்குக் கொடுக்கும் கம்பெனியின் மேனேஜர் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். ஓட்டுகிறவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும் கருவியாம். இமை தாழ்ந்தால் கத்துமாம். சரக்கு இறக்கும் இடத்தில் மாட்டித் தருவார்கள் என்றார்.

"எங்க வண்டிக்கு இது எதுக்கு?"

"தம்பிதான் கேட்டு வாங்கினாரு, பெரியவரே. நீங்க ரெண்டு தடவை கண்ணசந்ததைச் சொன்னாரு. இனிமே உங்ககிட்ட ஸ்டீயரிங்கைக் குடுக்கப் போறதில்லைன்னும் சொன்னாரு. வயசானா வர்றதுதானே, இதுல என்ன வெக்கம்?"

சுற்றிலும் டிரைவர்கள் நின்றார்கள். "பெரியவருக்கு ஒரு தலகாணி குடுங்கப்பா" என்றான் ஒருவன். "தாலாட்டு யாருப்பா பாடுறது?" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். தம்பி தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

அந்த இரண்டு தடவையையும் விளக்கிவிடுகிறேன். முதல் தடவை கண்ணில் தூசி விழுந்தது. இரண்டாம் தடவை, கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவையும் தம்பி என் தோளைத் தட்டினான், ஸ்டீயரிங்கைப் பிடித்தான். "யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேண்ணே" என்று நான் கேட்காமலே சத்தியம் செய்தான். வீட்டுக்குள் கதவைச் சாத்திவிட்டு என்னைச் செருப்பால் அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் ஊரானிடம் போய்ச் சொன்னான். அப்பா பெயர் எழுதிய வண்டியின் நிழலில் நின்றுகொண்டு சிரித்தார்கள்.

புறப்பட்டோம். முந்தின ராத்திரி முழுக்க அவன் காய்ச்சலில் கிடந்த பேரனோடு ஆஸ்பத்திரியில் விழித்திருந்தான் என்பது எனக்குத் தெரியும். அன்று அவன் எதிலும் குறை வைக்கவில்லை. மதியம் அரைவயிறு சாப்பிட்டான், முகம் கழுவினான், ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றினான், கண்ணாடியை இறக்கிவிட்டான். ஆனால் சாலை கோடு போட்டது மாதிரி நேராக இருந்தது. வெயில். ஒரே சீரான இரைச்சல்.

"அண்ணே, ஏதாவது கேளுங்க."

நான் சாலையைப் பார்த்தேன்.

"கோவமா? வீட்டுக்குப் போனதும் அண்ணி முன்னாடியே நாலு சாத்து சாத்துங்க. இப்ப கேளுங்கண்ணே, கண்ணு இழுக்குது. அடுத்த பெட்ரோல் பங்க்ல வண்டியப் போட்டுட்டுப் படுத்துடறேன். அது வரைக்கும்தான்."

நான் பேசவில்லை.

"சரி, நானே கேக்குறேன். என் மாமனாரோட தங்கச்சி மகனுக்கு உங்க மக என்ன முறை?" அவனே சிரித்தான். "எனக்கே மறந்துபோச்சு. சொல்லுங்கண்ணே."

மகள் முறை. எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

கொஞ்ச தூரம் போனபிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"ஏன்டா சொன்ன?"

"ம்" என்றான்.

அந்த "ம்" என்ன என்று எனக்குத் தெரியும். அவன் தோள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. முன்னால் சாலையோரம் பழுதாகி, ஆளில்லாமல் நின்ற ஒரு டிரெய்லர் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. இவனும் ஒரு தடவை தூங்கட்டும், பிறகு பேச இவனுக்கு வாய் இருக்காது என்று நினைத்தேன். அதில் தப்பு இருப்பதாக இப்போதும் தோன்றவில்லை. தீப்பெட்டி பீரோ அளவானது. கூப்பிட நேரம் இருந்தது. நான் பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். கால்களை ஊன்றினேன். மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அட்டைப்பெட்டி நழுவாமல் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டேன். அதில் ஒரு கீறல்கூட இல்லை; திருப்பி அனுப்பிவிட்டேன்.

பின்னால் குண்டூசி படுத்திருந்தது நினைவுக்கு வரவில்லை. அது என் தவறு. ஒப்புக்கொள்கிறேன்.

நான் யாரையும் தொடவில்லை, ஐயா. பேசாமல் இருந்தேன். பேசாதிருக்க எனக்கு எல்லாக் காரணமும் இருந்தது.

குண்டூசி நல்லவன். தூக்கத்தில் எதையும் பார்க்காதவன், எனக்காக இரக்கப்பட்டு வீடு வீடாகச் சொல்லி வருகிறான்: "பெரியவரும் பாவம் அசந்துட்டாரு. இல்லேன்னா தம்பியத் தூங்க விட்டிருப்பாரா?" தம்பி மனைவி அதை நம்பிவிட்டாள். எனக்குச் சோறு போடும்போது, "நீங்க என்ன பண்ணுவீங்க மாமா, வயசான மனுஷன்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். நீங்களும் அதைக் கேட்டு அப்படியே எழுதி மூடிவிட்டதாகச் சொன்னார்கள்.

அது பொய். திருத்திக்கொள்ளுங்கள். மோதும் வரை நான் இமைகூடக் கொட்டவில்லை. எங்கள் வீட்டில் வண்டியில் தூங்கியவன் ஒருவன்தான். அவன் என் தம்பி.