தாழைவெளிக் கோணல் நிரை

ஆத்துல புதுத்தண்ணி வந்தா ஊரே கரைக்கு ஓடிப் போய் நின்னு பார்த்த காலம் ஒண்ணு இருந்ததாம். அந்தக் காலத்துல தாழைவெளி, தாழைவெளின்னு ஓர் ஊர். ஊருக்குக் கிழக்கே வயல். வயலுக்கு நடுவுல ஒரு மேடு. மேட்டு மேல ஒரு மருதமரம். காலையில பனி இறங்கினா அடிமரமே தெரியாதாம். கிளையும் இலையும் மட்டும் வானத்துல மிதந்துக்கிட்டு இருக்குமாம்.

கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் வேற நிழல் கிடையாது. ஆனாலும் நடவுக்கு வர்ற பொம்பளைங்க யாரும் அந்த மரத்துல தூளி கட்ட மாட்டாங்களாம். வரப்புல குச்சி ஊணி, மேல ஒரு துணியைப் போட்டு, அந்தப் பொட்டு நிழல்ல பிள்ளையைக் கிடத்துவாங்களாம். ஏன்னு கேட்டா, அது செம்பாயி தூளி தொங்கின மரம்.

செம்பாயி யாரு? நிலத்தை விக்கும்போது மாட்டையும் ஏரையும் ஆளையும் சேர்த்து வித்தாங்களே, அப்படி அந்த வயலுக்குச் சொந்தக்காரங்களான மேலவீட்டுக்கு வந்த அடிமை. பிள்ளை பெத்து உடம்பு தேறும் முன்னே அவளை நடவுக்கு இறக்கிட்டாங்க. மேலவீட்டுல ஒரு சட்டம் உண்டு. நடவுப் பொம்பளைங்க வரிசையா நின்னு, ஆளுக்கு ஒரு நிரை பிடிச்சு, பின்னாலேயே நட்டுக்கிட்டுப் போவாங்க இல்லையா? அந்த நிரை கரையேறுற வரைக்கும் ஆளும் கரையேறக் கூடாது. அதுதான் சட்டம்.

பிள்ளை அழுதுச்சாம். செம்பாயி நிமிர்ந்து பார்த்தாளாம், குனிஞ்சாளாம். பிள்ளை அழுதுச்சாம். நிமிர்ந்து பார்த்தாளாம், குனிஞ்சாளாம். மாரு கனத்து, பால் தானா இறங்கி, நடவுத் தண்ணியில சொட்டுச்சாம். பெத்தவளுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிரை முடிஞ்சு கரையேறி ஓடி வந்தா, தூளி ஆடிக்கிட்டே இருக்குது. பிள்ளைகிட்ட அசைவில்லை.

பால் சொட்டின அந்த வயல்லதான் இன்னைக்கும் பனி வெள்ளையா நிக்குதுங்கிறாங்க. காத்தடிக்கிற உச்சிப்பொழுதுல மரத்துல ஒரு பிள்ளை அழுகிற சத்தம் கேக்குமாம்.

காலம் போச்சு. ஆளை விக்கிற வழக்கம் ஒழிஞ்சுது. செம்பாயிக்கு அப்புறம் பிறந்த பிள்ளை வழியில கொள்ளுப்பேத்தியா சித்தாயின்னு ஒருத்தி இருந்தாள். அவ அடிமை இல்லை, கூலிக்கு நட்டாள். ஆனா நட்டது அதே வயல், சட்டமும் அதே சட்டம். அதை ஒழிக்க மட்டும் எல்லாரும் மறந்துட்டாங்க. சித்தாயிக்கு மடியில பச்சைப்பிள்ளை. நடவு நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கலையாம்.

அப்பத்தான் மேலவீட்டுச் சேதி ஒண்ணு சித்தாயி தெருவுக்கு வந்துச்சாம். அந்த வீட்டுக்கு ஒரே வாரிசு உலகாம்பா. வீட்டோட மாப்பிள்ளை எடுத்து, அவளும் அப்பத்தான் பிள்ளை பெத்திருந்தாள். தன் பிள்ளை தூங்கும்போதும் எங்கேயோ ஒரு பிள்ளை அழுகுதுன்னு அவ சொல்ல, பாத்திரம் தேய்க்கிறவ செம்பாயி கதையைச் சொல்லிட்டாளாம். அதுலேருந்து மன்னிப்புக் கேக்கணும், மன்னிப்புக் கேக்கணும்னு ஒரே பிடியா நிக்கிறாளாம். சித்தாயிக்குச் சிரிப்பு வந்துச்சாம். தெருவுக்குப் பிறந்ததுலேருந்து கேட்ட சத்தம். மேலவீட்டுக் காதுக்குத்தான் புதுசு.

உலகாம்பாவோட அப்பா கோபப்பட்டாராம். "அவளை நான் வாங்கினேனா, நீ வாங்கினியா? என்னைக்கோ யாரோ செஞ்சதுக்கு நாம ஏன் குனியணும்?"

அதுக்கு உலகாம்பா கேட்டாளாம். "கொல்லை மாமரத்தை நீங்களா நட்டீங்க, நானா நட்டேன்? பழத்தை மட்டும் நம்ம வீட்டுப் பழம்னு தின்கிறோமே அப்பா."

அவர் வெத்தலையை இந்தக் கன்னத்துலேருந்து அந்தக் கன்னத்துக்கு மாத்திக்கிட்டு எழுந்து போயிட்டாராம்.

கேள்வி நல்ல கேள்விதான். ஆனா மன்னிப்புக் கேக்க அவ என்ன செஞ்சா தெரியுமா? சித்தாயியை ஆள் விட்டுக் கூப்பிட்டாள். எங்கே? கொல்லைவாசலுக்கு. காலங்காலமா எங்கே நிக்க வச்சாங்களோ, அதே மாட்டுத்தொழுவத்துக்குப் பக்கத்துல. உலகாம்பா படி மேல நின்னாள், சித்தாயி படிக்குக் கீழே நின்னாள். தட்டுல பூ, பழம், மடிப்புக் கலையாத பட்டுச் சேலை.

எங்க பெரியவங்க செஞ்சது பெரும்பாவம், அவங்களுக்காக நான் மன்னிப்புக் கேக்கிறேன்னு சொல்லும்போதே உலகாம்பா அழுதுட்டாளாம்.

சித்தாயி கையைக் கட்டிக்கிட்டு, "சரிங்க ஆச்சி" என்றாளாம்.

இந்தச் சேலையை எடுத்துக்கோன்னாள். சரிங்க ஆச்சி. அடுப்படியிலேருந்து உலகாம்பாவோட அம்மா, போகும்போது அந்தச் சாணியை அள்ளிப் போட்டுட்டுப் போன்னாள். அதுக்கும் அதே குரல், அதே தலையசைப்பு. சரிங்க ஆச்சி.

உலகாம்பாவுக்கு முகம் சுண்டிப் போச்சாம். சாணிக்குக் கிடைச்ச பதிலும் மன்னிப்புக்குக் கிடைச்ச பதிலும் ஒண்ணா இருந்தா, வேற எப்படி இருக்கும்?

சித்தாயி சேலையை இடுக்கிக்கிட்டு வரப்புல நடந்தாள். மன்னிச்சேன்னு சொல்ல நான் யாரு, பால் கட்டினது என் மாரு இல்லையே, அது செம்பாயி சொல்ல வேண்டிய வார்த்தையாச்சேன்னு யோசிச்சாள். மன்னிக்கலைன்னு சொல்லவும் மனசு வரலை. அழுத முகம் பொய் முகமாத் தெரியலை. ரெண்டுக்கும் நடுவுல நாளைக்கு நடவு. என் பிள்ளை அழுதா நான் என்ன செய்வேன்? அந்த நினைப்பு வந்ததும் மத்ததெல்லாம் மறந்து போச்சாம்.

நடவு நாள். பனி விலகவே இல்லை. உச்சிவெயில்லேயும் வயல்லேருந்து ஆவி எழும்பி, மருதமரம் மிதந்துக்கிட்டே இருந்ததாம். சித்தாயி பட்டுச் சேலையைக் குச்சி மேல விரிச்சுப் பிள்ளைக்கு நிழல் போட்டிருந்தாள். கெட்டித் துணி, வெயில் இறங்காது பாருங்க.

பிள்ளை அழுதுச்சாம். சித்தாயி நிமிர்ந்து பார்த்தாளாம். வரப்புல குடையோட நின்ன மேலவீட்டுக் காரியக்காரர் தொண்டையைச் செருமினாராம். குனிஞ்சாளாம். பிள்ளை அழுதுச்சாம். நிமிர்ந்து பார்த்தாளாம். செருமினாராம். குனிஞ்சாளாம். மரத்துலேயும் ஒரு பிள்ளை அழுதுச்சாம். எது எந்தப் பிள்ளைன்னு தெரியலை. பால் இறங்கித் தண்ணியில சொட்டுச்சாம்.

அப்போ ஆவிக்குள்ளேருந்து ஒரு பொம்பளை வந்தாளாம், இடுப்புல பிள்ளையோட. செம்பாயியே வந்துட்டாள்னு நாத்துக் கட்டை நழுவ விட்டவங்க உண்டு. கிட்ட வந்தப்பத்தான் தெரிஞ்சுது, உலகாம்பா.

குச்சி மேல கிடந்த பட்டுச் சேலையை உருவினாள். யாரும் தொடாத அந்த மருதமரத்துக் கிளையில தூளி கட்டினாள். முதல்ல தன் பிள்ளையைப் போட்டாள். அப்புறம் சித்தாயி பிள்ளையைத் தூக்கிப் பக்கத்துலேயே கிடத்தினாள். மரம் ஒண்ணும் செய்யலை. இலை மட்டும் சலசலன்னு அசைஞ்சுது. அப்படியே சேத்துல இறங்கி வந்தாள்.

"இனிமே இந்த வயல்ல பிள்ளை அழுதா நடவு நிக்கும்"னு காரியக்காரர்கிட்ட சொன்னாள். சித்தாயி பக்கம் திரும்பி, "நீங்க ஏறுங்க. நிரையை நான் பார்த்துக்கிறேன்" என்றாள்.

மேலவீட்டு வாயிலேருந்து தெரு ஆளுக்கு வந்த முதல் 'நீங்க' அதுதானாம்.

சித்தாயி கரையேறினாள். மருத நிழல்ல உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். அந்த நேரத்துல மரத்துச் சத்தமும் அடங்கிப் போச்சாம். கொஞ்ச நேரம்தான், ஆனா அடங்கிச்சு.

பசியாத்திட்டுத் திரும்பி வந்து பார்த்தா, உலகாம்பாவுக்கு முழங்கை வரைக்கும் சேறு. நிரை பாம்பு போன தடம் மாதிரி வளைஞ்சு கிடக்கு. அழுத்தி ஊணாத நாத்தெல்லாம் தண்ணியில மிதக்குது. பொம்பளைங்க சிரிப்பை அடக்க முந்தானையைக் கடிச்சுக்கிட்டு நின்னாங்களாம்.

உலகாம்பா மூச்சு வாங்க, "நேத்துக் கேட்டதுக்கு இப்பச் சொல்லுங்க சித்தாயி" என்றாள்.

சித்தாயி நாக்கு நுனியில 'சரிங்க ஆச்சி' வந்து நின்னுச்சாம். அவ அம்மா சொன்னது, அவ பாட்டி சொன்னது, செம்பாயி சொன்னது. அதை அப்படியே விழுங்கினாள்.

"சரியில்லீங்க ஆச்சி. கோணலா இருக்கு. அடுத்த வருஷமும் வாங்க."

முதல்ல சிரிச்சது உலகாம்பாதான். சிரிச்சுக்கிட்டே அழுதாளாம்.

அடுத்த வருஷம் வந்தாள். அதுக்கு அடுத்த வருஷமும் வந்தாள். அவளுக்குப் பிறகு அவ மகள் வந்தாள். மேலவீடு இடிஞ்சு, அந்தச் சனமெல்லாம் டவுனுக்குப் போயிடுச்சு. ஆனாலும் முதல் நடவன்னைக்கு உலகாம்பா வழியில யாராவது ஒருத்தர் கார்ல வந்து இறங்கி, பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கிட்டு ஒரு நிரை நடணும். மத்ததை மிஷின் நடுது. மருதமரத்துல வரிசையாத் தூளி தொங்குது. எதுலேயாவது பிள்ளை அழுதா மிஷினையும் நிறுத்திடுவாங்க. அந்த இடத்துக்கே இப்போ கோணல் நிரைன்னு பேரு.

போன வருஷம் வந்த பையன் கெட்டிக்காரன். ரெண்டு கரைக்கும் கயிறு கட்டி, அது ஓரமாவே நட்டுட்டான். ஒரு நாத்து விலகலை. சித்தாயி வழியில வந்தவ இடுப்புல பிள்ளையோட வரப்புல நின்னு இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், மிதந்துக்கிட்டு இருந்த மருதமரத்தையும் பார்த்தாள்.

"கோணலாத்தான் இருக்கு தம்பி. அடுத்த வருஷமும் வா."