காப்புக் கட்டிய வயர்லெஸ்

"ஹலோ… ஹலோ, மாமி! நல்லவேளை எடுத்தீங்க. நான் தியாகு, கிராண்ட் பே ஓட்டல்ல ரேடியோ பாக்கறவன்… ஆமா, ஆமா, காலைல ஆயுத பூஜைக்கு வயர்லெஸ் குடுத்துட்டு வந்தேனே… பிரசாதம் இருக்கட்டும் மாமி. இப்ப உங்க வீட்டுல குக்கர் விசிலடிச்சுதா?… மூணா? மூணும் இங்க என் ரேடியோவுல கேட்டுது!"

தியாகு ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டான். எண்பத்தெட்டில் திறந்த புது ஓட்டல், புது ரேடியோ. காதில் கேட்ட ரமாமணி மாமியின் குரல், ட்ரியோலே ஊர்க் குருக்கள் வீட்டிலிருந்து அதிலும் கணீரென்று வந்துகொண்டிருந்தது.

"சொல்றேன், சொல்றேன். வயர்லெஸ்ல ஒருத்தர் பொத்தானை அமுக்கிட்டே இருந்தா வேற யாரும் பேச முடியாது. குருக்கள் காப்புக் கயித்தை இறுக்கிச் சுத்தியிருக்கார், அது பொத்தான் மேல உக்காந்திருக்கு… இப்பதான் கட்டினாரா?… ஆமா, அணைக்காம குடுத்தது என் தப்புதான். நாளைக்குத் திட்டுங்க. எங்க ஓட்டல் படகோட்டி ஜான்-க்ளோட் படகு நடுக்கடல்ல நிக்குது மாமி. எஞ்சின் போச்சு, அலை பாறைப் பக்கம் இழுக்குதுன்னான். எங்கேன்னு சொல்றதுக்குள்ள உங்க மணிச்சத்தம் வந்து மூடிடுச்சு! ஆன்றி இங்க இன்னொரு படகைக் கிளப்பி வச்சிட்டு நிக்கறான், எந்தத் திசைன்னு தெரியாம…

"குருக்களைக் கூப்பிடுங்க… சுயாக் ஊருக்குக் கிளம்பிட்டாரா? ஐயோ… அணைக்கற திருகும் கயித்துக்குள்ள மாட்டிக்கிச்சா?… கட்டினவர்தான் அவுக்கணுமா? தெரியும் மாமி, இன்னைக்கு ஆயுதத்தைத் தொடக் கூடாதுதான்… மாமி… அந்தப் படகுல வாசுகி இருக்கா."

மாமி பதறிக் கேட்டது போனிலும் ரேடியோவிலும் ஒன்றாக ஒலித்தது.

"என் வாசுகிதான், என் பொண்டாட்டி. டூரிஸ்ட்டுங்களைக் கூட்டிட்டுப் போனா… ஆமா, கத்தி எடுங்க… இருங்க, இருங்க! அறுக்காதீங்க! என் குரல்தான் அவளுக்கு எட்டலை. உங்க குரல் எட்டும், நீங்க பேசறதெல்லாம் அங்கதான் போயிட்டிருக்கு. கிட்டப் போய்ச் சொல்லுங்க: 'வாசுகி, கயித்தை அறுக்கறேன், அறுத்ததும் எந்தத் தீவு தெரியுதுன்னு சொல்லு'ன்னு… ஆமா, சத்தமா!"

மாமி நடந்துபோனது ரேடியோவில்தான் கேட்டது. சொல்லவேண்டியதை இரண்டு முறை சொன்னார். பிறகு தணிந்த குரலில் சாமியிடம் ஏதோ மன்னிப்பு. 'நறுக்'கென்று ஒரு சத்தம். ரேடியோ ஊமையாயிற்று.

தியாகு மைக்கை அமுக்கினான்.

"வாசுகி… வாசுகி, பேசு… பேசும்மா…"

வெறும் இரைச்சல். இன்னும் இரைச்சல்.

"என்னது?… கொயின் தெ மீர் தீவா? எந்தப் பக்கம்… கேக்குது, கேக்குது! ஆன்றி! கொயின் தெ மீர், கிழக்குப் பக்கம்! வித், வித்! சீக்கிரம்!… ஹலோ, மாமி?… ஆமா, அவதான்… இன்னும் கரைக்கு வரலை, ஆன்றி கிளம்பிட்டான்… அழாதீங்க மாமி, சாமி ஒண்ணும் நினைச்சுக்காது… மாமி, அவ உங்களுக்கு ஒண்ணு சொல்லச் சொல்றா. போய் அடுப்பை அணைக்கணுமாம். அஞ்சு விசில் எண்ணினாளாம், அங்க உக்காந்து… வச்சிடறேன்."