உப்பில்லாச் சாப்பாடு

வேட்டியையும் பழத்தட்டையும் அந்தப் பெஞ்சு மேலே வையுங்கள், தம்பி. எனக்கு மட்டும் ஒரு ரசம் வைக்கலாமென்று பூண்டு தட்டிக்கொண்டிருந்தேன். பூண்டு வாசனை புது வேட்டியில் ஏறினால் நாலு சலவைக்குப் போகாது.

சற்று முன் வாசலில் நின்று ஒன்று சொன்னீர்களே. "எங்கம்மா கடைசி ஒரு வருசம் வாய்க்கு ருசியாச் சாப்பிட்டுப் போனாக மாஸ்டர். அது உங்க புண்ணியம்." பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, சின்னமனூர் வெயிலில் நடந்து வந்து அதைச் சொன்னீர்கள். அதைக் கேட்டபின் வாயை மூடிக்கொண்டு வேட்டியை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. உட்காருங்கள், ராஜபாண்டி. நடுவில் எழுந்து போனாலும் நான் குறையாக நினைக்க மாட்டேன்.

முப்பத்தைந்து வருடமாகக் கல்யாண வீடுகளில் சமைக்கிறேன். தேவாரத்திலிருந்து ஆண்டிபட்டி வரைக்கும் சுருளிவேல் மாஸ்டர் என்றால் தெரியும். ஆனால் பந்தியில் என் சமையலை ஒருவர் ரசித்துச் சாப்பிடுவதை நான் பார்த்ததே கிடையாது. முன்னால் ஐந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும்போது நான் பின்னால் அடுத்த அண்டாவுக்கு அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருப்பேன். எச்சில் இலைகள் வந்து விழும்போது, எது மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பேன். அவ்வளவுதான் எனக்குக் கிடைக்கும் தகவல். எனக்கோ புகையிலேயே வயிறு நிறைந்துவிடும். வீட்டுக்கு வந்தால் கம்மங்கஞ்சியும் நாலு சின்ன வெங்காயமும் போதும்.

அதனால் நான் கண்ணால் பார்த்த தட்டு ஒன்றே ஒன்றுதான். என் மனைவி பஞ்சம்மாளின் தட்டு. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் வீட்டில் நான்தான் சமைப்பேன். அவள் எதிரில் உட்கார்ந்து பார்ப்பேன். முதல் வாய் உள்ளே போனதும் கண்ணை மூடி "ம்" என்பாள். பாராட்டிப் பேசத் தெரியாது. அந்த "ம்" எனக்குப் போதுமாக இருந்தது.

வீட்டுக்கு என்ன வாங்குவது என்பதெல்லாம் அவள் பொறுப்பு. தேனியில் கிரைண்டர் வாங்கப் போனபோது, கடைக்காரர் பேசிக்கொண்டிருக்க, இவள் கல்லை நகத்தால் சுரண்டிப் பார்த்து மூன்றைத் தள்ளிவிட்டு நாலாவதை எடுத்தாள். மாதச் சாமான் சீட்டும் அவள் கையெழுத்துதான். முதல் வரியில் எப்போதும் உப்பு என்று இருக்கும்.

இரண்டாயிரத்து நாலு ஆடியில் அவளுக்குக் கால் வீங்கியது. பிறகு முகம். தேனியில் டாக்டர் பார்த்துவிட்டு, சிறுநீரகம் பாதிக்குமேல் போய்விட்டது என்றார். "உப்பை அறவே விட்டீங்கன்னா பத்து வருசம் ஓட்டலாம்மா. விடலேன்னா என் கையில ஒண்ணும் இல்ல" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவள் உப்புச் சாடியைச் சாக்கடையில் கவிழ்த்தாள். சாடியைக் கழுவிக் காயவைத்து அதில் மல்லியைக் கொட்டினாள். சீட்டில் உப்பு என்ற வரி போய்விட்டது. எங்கள் மகள் பவானி அப்போது தேவாரத்தில் வாழ்க்கைப்பட்டு மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். "பேரப்புள்ளைக்கு மொட்டை எடுக்கிறதப் பாக்கணும்ங்க. அதுக்கு நான் மண்ணக்கூடத் திம்பேன்" என்றாள் பஞ்சம்மாள்.

பதினொரு நாள் உப்பில்லாமல் சமைத்தேன். அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. மருந்து விழுங்குவதுபோல் நாலு வாய் விழுங்குவாள், தண்ணீர் குடிப்பாள், தட்டை நகர்த்துவாள். "ம்" வரவில்லை. குறை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் வைத்த முருங்கைக்காய்ச் சாம்பார் தட்டில் அப்படியே காய்ந்து கிடப்பதைத்தான் பார்க்க முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள், வழக்கமான மளிகைக் கடைக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் அரைக்கிலோ கல்லுப்பு வாங்கினேன். தண்ணீரில் கரைத்து வடிகட்டி, கல்யாண வீட்டிலிருந்து கொண்டுவந்த பன்னீர்ப் புட்டி ஒன்றில் ஊற்றி வைத்தேன். அன்றைக்குச் சாம்பாரில் இரண்டு கரண்டிதான்.

முதல் வாயில் அவள் கை நின்றுவிட்டது. "என்னங்க இது, உப்புப் போட்டாப்புல இருக்கு?"

"போடல. கைப்பக்குவம்" என்றேன்.

"நெசமாவா?"

"வீட்ல உப்பு எங்கன இருக்கு? நீயே தேடிப் பாரு."

அவள் தேடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு "ம்" என்றாள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவள் என்னிடம் உப்புக் கேட்கவில்லை. ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. அவள் போனபிறகு பவானியிடம், உன் அம்மா கெஞ்சினாள், நான் மறுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அது பொய்.

இரண்டு மாதத்தில் வீக்கம் கூடியது. டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு அவளைத்தான் கேட்டார். "ஊறுகாய் தொட்டுக்கிறீங்களா? கருவாடா? யாருக்கும் தெரியாம எதுவும் சாப்பிடுறீங்களா?" அவள் அழுதாள். "வீரபாண்டி மாரியம்மா சத்தியமா ஒரு கல்லு உப்பு என் நாக்குல படல டாக்டர்" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

பவானி ஆறு மாத வயிற்றோடு வந்து சத்தம் போட்டாள். "ஏம்மா இப்படிப் பண்ற? அப்பா இம்புட்டுப் பாடுபட்டு உனக்குன்னு தனியாச் சமைச்சுத் தாராக. நீ ஒளிச்சு வச்சுத் திங்கிறயா? உனக்கே வெக்கமா இல்ல?"

பஞ்சம்மாள் என் பக்கம் திரும்பினாள். நீங்களாவது சொல்லுங்கள் என்கிற பார்வை. "விடு பவானி, அம்மா மனசறிஞ்சு செய்ய மாட்டா" என்றேன். அது அவளுக்குப் பரிந்து பேசியதுபோல்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகுதான் அவளுக்கே அவள்மேல் சந்தேகம் வந்தது. ஒரு வாரம் கழித்துச் சொன்னாள்: "எனக்கே தெரியாம எதையாச்சும் எடுத்துத் தின்னுர்றேனோ என்னமோ. அடுப்படியப் பூட்டிச் சாவிய நீங்களே வச்சுக்கங்க." தேனியில் ஒரு நல்ல பூட்டு வாங்கி வந்து பூட்டினேன். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். பன்னீர்ப் புட்டி உள்ளேதான் இருந்தது.

நிறுத்தப் பார்த்தேன். மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் தாண்டவில்லை. "இன்னைக்கு நாக்குச் செத்துப்போச்சுங்க, ஒண்ணும் தெரியல" என்று தட்டைத் தள்ளுவாள். என் கை தானாகப் புட்டியை எடுக்கும். அண்டாவுக்கு உப்புப் போடும்போது நாங்கள் ருசி பார்ப்பதில்லை, கைதான் போடும். அந்தக் கையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாயிரத்து ஆறு தை மாதம் மூச்சு முட்டிப் போய்ச் சேர்ந்தாள். பேரனுக்கு மூன்று மாதம் கழித்து மொட்டை எடுத்தார்கள். அந்த விருந்துக்கும் நான்தான் சமைத்தேன். எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பஞ்சம்மாள் உயிரோடு இருந்தபோது பக்கத்து வீட்டுப் பவுனிடம், "எங்க வீட்டுக்காரக உப்பே இல்லாம உப்புப் போட்டாப்புல ருசியா வைப்பாக" என்று பெருமையடித்திருந்தாள். பவுனு அதை ஊரெல்லாம் சொன்னாள். பத்தியக்காரர்கள் இருக்கிற வீடுகளிலிருந்து ஆள் வந்தார்கள். மூன்று வீடுகளுக்கு ஒத்துக்கொண்டேன். உங்களுடையது மூன்றாவது. தினமும் மதியம் பவுனு கேரியரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் திருப்பிக் கொண்டுவருவாள்.

நீங்கள் முதல் நாள் இதே பெஞ்சில் உட்கார்ந்து, "அம்மாவுக்கு இருதய வீக்கம் மாஸ்டர். ஒரு கல்லுகூட ஆகாதுன்னுட்டாக" என்றீர்கள். எனக்குத் தெரியும் என்றேன். எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஒரு வாரம் ஒழுங்காகத்தான் கொடுத்தேன். கேரியர் பாதி பாதியாகத் திரும்பி வந்தது. எட்டாம் நாளிலிருந்து காலியாக வந்தது.

போன தீபாவளிக்கு உங்கள் அம்மாவை நீங்கள் திட்டினீர்கள். பவுனு வந்து சொன்னாள். யாரிடம் வாங்கி அப்பளம் தின்றாய், எங்களைச் சாகடிக்கிறாயா என்று கேட்டீர்களாம். உங்கள் அம்மா சந்தனம்மாள் நாலு நாள் உங்களோடு பேசவில்லை என்றும் சொன்னாள்.

அவர் அப்பளம் தின்னவில்லை, தம்பி.

கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். அந்தச் செம்பில் இருப்பது வெறும் தண்ணீர்தான்.

நீங்கள் போலீசுக்குப் போகலாம். நானே ஒருமுறை ஸ்டேஷன் வாசல் வரை போனேன். உள்ளே போய் என்ன சொல்வது? சாம்பாரில் உப்புப் போட்டேன் என்றா? வாசலில் நின்ற போலீஸ்காரர், "என்ன மாஸ்டர், யார் வீட்டு விசேசம்?" என்று கேட்டுச் சிரித்தார். திரும்பி வந்துவிட்டேன். வந்து உலை வைத்தேன்.

நோயாளிகள்மேல் இரக்கப்பட்டுச் செய்தேன் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளாவது நிறைவாகச் சாப்பிடட்டும் என்று. அது அப்படி இல்லை. சாயங்காலம் பவுனு கேரியரை வைத்துவிட்டுப் போனதும் ஒவ்வொரு அடுக்காகத் திறந்து பார்ப்பேன். வழித்துச் சாப்பிட்டிருந்தால் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரும். அவ்வளவுதான் காரணம். பஞ்சம்மாளை நான்தான் கொன்றேன். உங்கள் அம்மாவையும். முதலாவதாக ஒத்துக்கொண்ட வீட்டுக்காரர் போன மாசி மாதமே போய்விட்டார்.

மூன்றில் மிச்சம் இருப்பது மேலத்தெரு குருசாமி வாத்தியார் மட்டும். அவருடைய கேரியர் நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் போயிற்று. அவர் சரியாக ஒரு மணிக்கு உட்காருவார். இப்போது பன்னிரண்டே முக்கால். வேகமாக நடந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனிமேல் அது உங்கள் பொறுப்பு.

ஒன்றே ஒன்று தம்பி. அவர் சாப்பிட ஆரம்பித்திருந்தால், பாதியில் தட்டைப் பிடுங்காதீர்கள்.